மெக்கானிக் ஜெயப்பிரகாஷ் மாமா ஆன கதை

பெண்டாட்டியின் மேல் சந்தேகப்படுகிற ஆண்பிள்ளைகளை எல்லா ஊரிலும் பார்க்கலாம். பெண்டாட்டியின் மேல் பொறாமைப்படுகிறவன் கொஞ்சம் அபூர்வம். மரக்காணத்தில் உப்பளத்துக்குப் போகிற ரோட்டில் டீசல் இன்ஜின் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஜெயப்பிரகாஷ் அந்த ரகம். நகை நட்டுக்காகவோ பிறந்த வீட்டுப் பெருமைக்காகவோ வந்த பொறாமை என்றால்கூட மன்னித்துவிடலாம். இது கனெக்டிங் ராடு விஷயமாக வந்த பொறாமை. சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் அந்த வருஷம் அவனுக்குச் சோறு தொண்டையில் இறங்காமல் போனது அதனால்தான்.

அவனுக்குச் சொந்த ஊர் பிரம்மதேசம். அப்பாவுக்கு மணிலாக்கடலை போடுகிற கொஞ்சம் நிலம், ஒரு கிணறு, கிணற்று மேட்டில் ஒரு பழைய டீசல் இன்ஜின். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பையன் வீட்டுக்குப் போகமாட்டான். இன்ஜின் சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறதோ அந்தப் பக்கம் போவான். பத்தாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டுத் திண்டிவனத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தான். கைத்தொழில் படிந்ததும் மரக்காணம் வந்து ஒரு ஷட்டர் கடையைப் பிடித்து, 'ஜே.பி. டீசல் ஒர்க்ஸ்' என்று சிவப்பு எழுத்தில் போர்டு மாட்டினான். உப்புக்காற்று அந்தப் போர்டை வருஷா வருஷம் தின்னும். இவனும் வருஷா வருஷம் பெயிண்ட் அடிப்பான். அந்த இரண்டு எழுத்தின் மேல் அவனுக்கு அவ்வளவு பிரியம்.

நல்ல வேலைக்காரன்தான், அதில் சந்தேகமே இல்லை. உப்பளத்துப் பாத்திக்குத் தண்ணீர் இறைக்கிற இன்ஜினும் சரி, கடலுக்குப் போகிற ஃபைபர் படகு இன்ஜினும் சரி, பக்கத்தில் நின்று காதைக் கொடுத்தால் நோய் இன்னது என்று சொல்லிவிடுவான். குணம்தான் ஒரு மாதிரி. அடுத்தவனைப் புகழ்ந்தால் அவனுக்குப் பொறுக்காது. அவன் கல்யாணத்தில் தவில்காரருக்கு யாரோ சால்வை போர்த்தினார்கள். உடனே மாப்பிள்ளையின் முகம் சுண்டிப்போய்விட்டது. மாப்பிள்ளை நான் இருக்கும்போது அந்த ஆளுக்கு எதற்கு சால்வை என்று முதல் ராத்திரியே புதுப்பெண்ணிடம் புலம்பினானாம். புதுப்பெண் செந்தமிழ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளாம்.

செந்தமிழ் இரும்பை என்கிற ஊர்ப் பெண். கல்யாணம் ஆகி வந்த பிறகு மரக்காணத்திலேயே ஒரு உப்பு பாக்கெட் போடும் கம்பெனியில் வேலைக்குப் போனாள். நாள் முழுக்கத் தராசு முன்னால் நிற்க வேண்டும். பாக்கெட்டைக் கையில் எடுத்ததுமே கொஞ்சம் கூட, கொஞ்சம் குறைச்சல் என்று சொல்லும் அளவுக்கு அவள் கை தேறிவிட்டது. மகள் சரண்யா பிறந்ததும் வேலையை விட்டாள். சரண்யா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று புருஷன் கடைக்கே வந்து சாமான்களை டீசலில் கழுவிக் கொடுக்க ஆரம்பித்தாள். அவனை அண்ணே என்று கூப்பிட்டுக் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அவளை அண்ணி என்று கூப்பிட்டார்கள். ஜெயப்பிரகாஷுக்கும் அது சரியாகத்தான் இருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. ரிப்பேர் முடிந்த இன்ஜினை யாரும் சும்மா எடுத்துக்கொண்டு போகமாட்டார்கள். ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலேட்டரை ஏற்றிவிட்டு, இன்ஜின் உச்சியில், ஹெட்டின் மேல் ஒரு டம்ளர் டீயைத் தளும்பத் தளும்ப வைப்பார்கள். டம்ளர் அப்படியே நின்றால் வேலை சுத்தம். டம்ளர் நடந்து ஓரத்துக்கு வந்தால் உடைமைக்காரன் முகம் கடுகடு என்று ஆகிவிடும். எதிரே டீக்கடை வைத்திருக்கும் சின்னப்பாப்பா, கண்ணாடி கிளாஸ் எத்தனை உடைந்தது என்று சண்டை போட்டு ஓய்ந்துபோய், இதற்கென்றே ஒரு எவர்சில்வர் டம்ளரைத் தனியாக வைத்துவிட்டாள். விழுந்து விழுந்து நசுங்கிய டம்ளர் அது.

ஜெயப்பிரகாஷ் பார்த்த இன்ஜினிலும் டம்ளர் நடக்கத்தான் செய்தது. திண்டிவனத்து மெக்கானிக் பார்த்தாலும் நடந்தது. கீழே விழுவதற்குள் ஜெயப்பிரகாஷ் லபக்கென்று பிடித்து, அந்த டீயைத் தானே குடித்துவிட்டு, "ஒத்தை சிலிண்டர்னா ஆடத்தான் செய்யும்ங்க" என்பான். அதில் பொய்யும் இல்லை.

ஒரு நாள் மத்தியானம் வேலை இல்லாத நேரத்தில் செந்தமிழ் கேட்டாள், "ஏங்க, ஏன் ஆடுது?"

அவனுக்குக் கேட்கவா வேண்டும்? உற்சாகம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு பழைய ராடைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"இதப் பாரு. மேல ஒரு சின்ன வாய், கீழ ஒரு பெரிய வாய். சின்ன வாயில பிஸ்டன் மாட்டும். அது மேலயும் கீழயும் போயி வரும். பெரிய வாய் கிராங்க்ல மாட்டும். அது சுத்தும். ஒரே ராடுதான், ஆனா ஒரு முனை குதிக்குது, ஒரு முனை சுத்துது. சுத்துற எடைய அடக்குறதுக்குக் கிராங்க்ல எதிர்ப்பக்கம் ஒரு எடை வெச்சிருப்பான். குதிக்கிற எடைய முழுசா அடக்க முடியாது."

"ஏன், அதுக்கும் சேத்து எடை வெச்சா என்னவாம்?"

"வெச்சா மேல கீழ குதிக்காது. ஆனா பக்கவாட்டுல உதைக்கும். அதனால பாதிக்கு மட்டுந்தான் வெப்பான். மிச்ச ஆட்டத்த நாம தாங்கிக்கணும்."

அவள் ராடை வாங்கி உள்ளங்கையில் ஏந்தி எடை பார்த்தாள். "அப்ப அந்த எதிர் எடை, கம்பெனி போட்ட ராடுக்குன்னு கணக்கு பண்ணி வெச்சதுதானே? நீங்க வேற ராடு மாத்தினா?"

"அதெல்லாம் பெருசா ஒண்ணும் ஆவாது. போ, போயி அந்த நாஸிலக் கழுவு."

பதில் தெரியாதபோது ஆண்பிள்ளை சொல்லுகிற பதில்தான் அது. அவள் போய்க் கழுவினாள். ஆனால் விஷயத்தை விடவில்லை.

கொஞ்ச நாளில் உப்பளக்காரர் சிவஞானத்தின் இன்ஜின் திரும்பி வந்தது. முன்னே ராடு வளைந்துபோய், சென்னைப் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடையில் வாங்கி வந்த வேறு ஒரு ராடை ஜெயப்பிரகாஷ் போட்டுக் கொடுத்திருந்தான். மாட்டியதிலிருந்து அந்த இன்ஜின் மாடு மாதிரி குதித்தது. அஸ்திவாரத்துப் போல்ட்டு லூசாகி, செங்கல் மேடையே விரிந்துவிட்டது. மேடை சரியில்லை என்று ஜெயப்பிரகாஷ் சொன்னான். மேடை கட்டிய கொத்தனார் ஜெயப்பிரகாஷ் சரியில்லை என்று சொன்னார். இந்தச் சண்டை நடந்துகொண்டிருக்கும்போது செந்தமிழ் பழைய ராடையும் புது ராடையும் எடுத்துப் போய், கடையில் பழைய இரும்பு எடை போட வைத்திருந்த தராசில் வைத்துப் பார்த்தாள். சும்மா வைக்கவில்லை. ஒரு முனையை மேலே கம்பியில் தொங்கவிட்டு, ராடு மட்டமாகப் படுத்திருக்கும்படி செய்து, மறு முனையை மட்டும் தராசில் உட்கார வைத்தாள். பிறகு திருப்பிப் போட்டு அடுத்த முனை. செல்போனில் யாரோ ஒரு வடக்கத்தி ஆள் அப்படிச் செய்ததைப் பார்த்தாளாம், பேச்சு புரியாவிட்டாலும் கை புரிந்தது என்றாள். புது ராடின் பெரிய வாய் ரொம்பவும் கனமாக இருந்தது.

"இத மட்டும் கொஞ்சம் சுரண்டிக் குடுங்க," என்றாள்.

வேண்டா வெறுப்பாகக் கிரைண்டரை வைத்தான். இவள் தராசில் வைப்பாள், இன்னும் கொஞ்சம் என்பாள். கடைசியில் கிரைண்டரையே வாங்கிக்கொண்டு அவளே தேய்த்தாள். பழைய ராடின் பெரிய வாய் எவ்வளவோ அவ்வளவு, சின்ன வாய் எவ்வளவோ அவ்வளவு. மாட்டினார்கள். சின்னப்பாப்பா டீ கொண்டுவந்து வைத்தாள். ஆட்டம் அடியோடு போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அது போகாது. ஆனால் டம்ளர் வைத்த இடத்தை விட்டு அசையவில்லை. டீயின் மேல் சின்னச் சின்ன வளையம் மட்டும் ஓடியது.

"அட!" என்றார் சிவஞானம். "யார் கை இது?"

ஜெயப்பிரகாஷ் வாயைத் திறப்பதற்குள் சின்னப்பாப்பா முந்திக்கொண்டாள். "நம்ம செந்தமிழ் கைதாங்க!"

அன்றைக்குப் பிடித்தது சனி. உப்பளத்தில் ஒரு வரப்பிலிருந்து அடுத்த வரப்புக்குப் பேச்சு போக எவ்வளவு நேரம்? தேடி வந்து ராடு மாற்றினார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்ஜினைக்கூடப் பிரிக்கச் சொன்னார்கள். கடைக்குள் நுழையும்போதே "அக்கா இருக்காங்களா?" என்று கேட்டார்கள். கவனித்தீர்களா, அண்ணி போய் அக்கா வந்துவிட்டாள். அவள் அக்கா என்றால் இவன் யார்? அக்கா புருஷன். நேற்று வரைக்கும் அண்ணே அண்ணே என்று உயிரை விட்டவர்கள் எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக அவனை "மாமா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். "மாமா, அக்காகிட்ட சொல்லி வெய்யுங்க." "மாமா, அக்கா எப்ப வருவாங்க?" போர்டு இவன் பெயரில், கடை இவன் கடை, ஸ்பானர் இவன் ஸ்பானர். உறவு மட்டும் அவள் வழியில்.

வயிறு எரிந்தது என்று சொன்னால் போதாது. "நான்தான் அவளுக்குச் சொல்லிக் குடுத்தது" என்று வருகிறவன் போகிறவனிடம் எல்லாம் சொல்லிப் பார்த்தான். "அப்படியா மாமா" என்று சொல்லிவிட்டு அவளிடம் போய் நின்றார்கள். ஒரு நாள் தராசைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டு, காணோம் என்றான். அவள் ஏணி வைத்து ஏறி எடுத்துக்கொண்டு வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிடும்போது மகள் சரண்யா, "அப்பா, எங்க மிஸ்ஸு வீட்டுலகூட அம்மாவப் பத்திப் பேசறாங்களாம்" என்று சொன்னாள். பாதிச் சோற்றில் கையை உதறிவிட்டு எழுந்துபோனான். இவனுக்கு உடம்பு சரியில்லையோ என்று செந்தமிழ் ரசம் வைத்துக் கொடுத்தாள் பாருங்கள். ரசம் நன்றாக இருந்தது. அதிலும் கோபம்தான் வந்தது.

தை பிறந்து கடல் அடங்கியதும் எக்கியார்குப்பத்திலிருந்து சிலம்பரசன் வந்தான். குப்பத்தில் அவன் பேச்சுக்கு ஒரு மதிப்பு உண்டு. அவன் எந்த வலை வாங்குகிறானோ அதையேதான் மற்றவர்களும் வாங்குவார்கள். கொண்டு வந்தது ரெட்டை சிலிண்டர் இன்ஜின். ஒரு ராடு போய்விட்டது, புதுப்பேட்டை ராடு ஒன்றைக் கையோடு வாங்கி வந்திருந்தான்.

"மாமா, அக்காவ வெச்சு செஞ்சு குடுங்க. இது சரியா வந்துச்சுன்னா குப்பத்துல இருக்குற இன்ஜின் எல்லாத்தயும் இங்கதான் கொண்டாரப் போறோம்," என்றான்.

குப்பம் முழுக்க வரப்போகிறது. யார் பெயரைச் சொல்லிக்கொண்டு வரப்போகிறது? ஜெயப்பிரகாஷுக்கு அது ஒன்றுதான் கவலை. அவனுக்கு அதிர்ஷ்டமோ துரதிர்ஷ்டமோ, மறுநாளே செந்தமிழ் அண்ணன் பிள்ளைக்குக் காதுகுத்து என்று மகளோடு இரும்பைக்குப் போகவேண்டியிருந்தது. அத்தைக்காரி இல்லாமல் காது குத்துவார்களா? "வந்து நான் பாக்குறேன், அதுக்குள்ள தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். தொடாதே என்று சொன்னதுதான் அவனுக்கு உறைத்தது. என் கடையில், என்னையே தொடாதே என்கிறாளே!

அவள் பஸ் ஏறிய சூட்டோடு இன்ஜினைப் பிரித்துவிட்டான். உள்ளே நல்லபடியாக இருந்த பழைய ராடைத் தராசில் வைத்தான், புது ராடைத் தராசில் வைத்தான். புதுசு கனமாக இருந்தது. கம்பியில் தொங்கவிட்டு முனை முனையாக எடை பார்க்கிறதெல்லாம் பொம்பளை வேலை, உப்புப் பொட்டலம் போட்ட புத்தி என்று அவனுக்கு நினைப்பு. முழு ராடுக்கு முழு ராடு சமமாக இருந்தால் போயிற்று. கனம் இருந்ததோ பெரிய வாயில். கிரைண்டர் சுலபமாக எட்டியதோ சின்ன வாய்ப் பக்கம். எட்டின இடத்தில் தேய்த்தான். தேய்த்துத் தேய்த்து இரண்டு ராடும் தராசில் ஒரே எடை காட்டியபோது அவன் மீசையை ஒரு தடவை தடவிக்கொண்டான். தொங்கவிட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: முன்னே ஒரு முனையில்தான் வித்தியாசம், இப்போது இரண்டு முனையிலும்.

மாட்டி ஸ்டார்ட் செய்தான். டம்ளர் நடக்கவில்லை, ஓடியது.

அந்த நேரம் பார்த்துச் சிலம்பரசனின் வண்டி தூரத்தில் வருகிறது. மறுபடி பிரிக்க நேரம் இல்லை. ஜெயப்பிரகாஷ் இரண்டு பக்கமும் பார்த்தான். விரலில் ஒரு எலுமிச்சங்காய் அளவு கிரீஸை எடுத்து டம்ளரின் அடியில் அப்பி, ஹெட்டின் மேல் அழுத்தி உட்கார வைத்தான். டீ தளும்பக் கூடாதே, அதனால் மேலாக இரண்டு மடக்குக் குடித்துவிட்டான். ஆக்ஸிலேட்டரையும் பாதிக்கு மேல் ஏற்றவில்லை.

சிலம்பரசன் குனிந்து பார்த்தான். டம்ளர் நின்றது. ஆனாலும் கேட்டான், "அக்கா கை வெச்சாங்களா மாமா?"

இல்லை, நான்தான் என்று சொல்ல அவனுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் எடுத்துக்கொண்டு போகமாட்டான் என்பது சிலம்பரசனின் முகத்திலேயே தெரிந்தது. ஒரு மாசம் ஓடட்டும், குப்பமே புகழட்டும், அப்புறம் கடற்கரையில் நாலு பேர் நடுவில் நின்று 'அது என் கை' என்று சொல்லலாம், எல்லார் மூக்கும் உடையட்டும் என்று ஒரு கணக்குப் போட்டான்.

"ஊருக்குப் போறதுக்கு முன்னாடி உங்க அக்காதான் முடிச்சுட்டுப் போனா," என்றான்.

சாயங்காலம் சின்னப்பாப்பா டீக்கடையிலிருந்து கத்தினாள். "எந்தப் பாவி என் டம்ளர் அடியில இப்படி அப்பி வெச்சது? சாம்பல் போட்டுத் தேச்சாலும் போவ மாட்டேங்குதே!" ஜெயப்பிரகாஷுக்குத் திடீரென்று ஷட்டரைச் சாத்த வேண்டிய வேலை வந்துவிட்டது.

செந்தமிழ் இரும்பையிலிருந்து திரும்பி வந்த அன்றைக்கே அந்த இன்ஜினும் திரும்பி வந்தது. வண்டியிலிருந்து குதித்த சிலம்பரசனுக்குக் கண் ரெண்டும் சிவந்திருந்தது.

"என்னாக்கா வேலை செஞ்சிருக்கீங்க? ஓட ஓட படகே நடுங்குது. நடுக்கடல்ல ஆட்டம் தாங்காம டீசல் பைப்பு வெடிச்சிடுச்சு. பொழுதுக்கும் அலையில கெடந்தோம். வேற படகுக்காரன் பாத்து இழுத்துக்கிட்டு வந்தான். அவன் வரலன்னா? எம் பொண்டாட்டி புள்ளைங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

செந்தமிழுக்கு ஒன்றும் புரியவில்லை. காதுகுத்துக்குக் கட்டின புடவையைக்கூட அவள் மாற்றவில்லை. "எந்த இன்ஜின..." என்று ஆரம்பித்தவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், "ஏங்க, இதுல யாருங்க கை வெச்சது?"

ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஜெயப்பிரகாஷ் தரையில் கிடந்த நட்டு ஒன்றைப் பொறுக்கித் துடைக்க ஆரம்பித்தான்.

சிலம்பரசன் அவன் பக்கம் திரும்பினான். "அண்ணே, இனிமே ராடு வேலைக்கு இவங்கள உடாதீங்க. நீங்களே உங்க கையால பாத்துக் குடுங்க. இல்லன்னா குப்பத்துல ஒருத்தன் வரமாட்டான்."

அண்ணே! எத்தனை மாசம் ஆயிற்று அந்தச் சொல்லைக் கேட்டு! ஜெயப்பிரகாஷுக்கு நெஞ்சுக்குள் ஐஸ் வைத்த மாதிரி இருந்தது. வெட்கமும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முதலில் வந்தது சந்தோஷம்தான். இப்படி ஒரு பிறவி.

சிலம்பரசன் போனதும் செந்தமிழ் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இன்ஜினைப் பிரித்தாள். ராடு இரண்டையும் சேர்த்துத் தராசில் வைத்துப் பார்த்தாள். பிறகு ஒவ்வொன்றாகக் கம்பியில் தொங்கவிட்டாள். பார்த்து முடித்து, "மொத்த எடை சரியாத்தான் போட்டிருக்கீங்க," என்றாள். அவ்வளவுதான் பேச்சு. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பான். அதற்கும் வழியில்லை. ஒரு ராடில் பெரிய வாயைத் தேய்த்தாள், இன்னொரு ராடில் சின்ன வாயைத் தேய்த்தாள். முனைக்கு முனை சமமாகும் வரைக்கும் தராசுக்கும் கிரைண்டருக்கும் நடந்துகொண்டே இருந்தாள். அடுத்த நாளும் அதே வேலை. வீட்டில் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், வாயைத் திறக்கவில்லை. பிறகு உப்பு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களா என்று யாரிடமோ போனில் விசாரித்தாள். அது அவன் காதில் விழுந்தது. போகட்டுமே என்று ஒரு நிமிஷம் நினைத்தான். போனால் கடை எப்படி இருக்கும் என்று அடுத்த நிமிஷம் நினைத்தான். தராசு பரண்மேல் கிடந்த நாளில் கடை ஈ ஓட்டியதே, அப்படி இருக்கும்.

இன்ஜினை எடுத்துப்போகச் சிலம்பரசன் வந்தபோது குப்பத்திலிருந்து நாலைந்து படகுக்காரர்களும் கூட வந்தார்கள். யாருக்கும் நம்பிக்கை இல்லை. கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்கள். சின்னப்பாப்பா டீயோடு வந்தாள். அவளிடமிருந்து டம்ளரை வாங்கி, செந்தமிழ் புருஷனிடம் நீட்டினாள்.

"நீங்களே வைங்க."

வாங்கினான். கை தன்னால் டம்ளரின் அடியைத் தடவிப் பார்த்தது. சுத்தமாக இருந்தது. தளும்பத் தளும்ப இருந்த டீயோடு ஹெட்டின் மேல் வைத்தான். செந்தமிழ் ஆக்ஸிலேட்டரை முழுசாக ஏற்றினாள். டம்ளர் நின்றது. ஒரு சொட்டு சிந்தவில்லை.

"பாத்தீங்களாடா!" என்று தொடையில் தட்டினான் சிலம்பரசன். "கை மாறினா எல்லாம் மாறிடுது. சும்மா சொல்லக் கூடாதுண்ணே, உங்க கை கைதான்! அக்கா, கோச்சிக்காதீங்க, நீங்க வீட்டப் பாருங்க. ஏம்பா, எல்லாரும் கேட்டுக்குங்க. நம்ம இன்ஜின் எல்லாம் இனிமே அண்ணன்கிட்ட."

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ஒருவன் ஜெயப்பிரகாஷின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

இதற்காகத்தானே ஒரு வருஷமாகத் தூக்கம் கெட்டான்? வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், குப்பமே அவனுடையது. செந்தமிழ் கழிவுத்துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் பக்கம் பார்க்கவில்லை. டம்ளரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், ஏதோ உலை கொதிப்பதைப் பார்க்கிற மாதிரி.

பொறாமைக்காரனிடம் ஒரு கஷ்டம் உண்டு. எது யாருடைய வேலை என்று ஊருக்குத் தெரியாமல் போகலாம், அவனுக்குத் தெரியாமல் போகாது. ஒரு வருஷமாக அவள் தேய்த்த ஒவ்வொரு ராடையும் அவன் ஒளிந்து நின்று உற்று உற்றுப் பார்த்தவன். இப்போது குலுக்கப்படுகிற கை அவனுடையதுதான், ஆனால் புகழ் அவள் வேலைக்கு. தன்னைப் புகழும்போதுகூட அவளைத்தான் புகழ்கிறார்களா? அந்த எரிச்சல் கிளம்பி வந்தது. அடக்க முடியவில்லை.

"யோவ், நிறுத்துங்கய்யா!" என்று கத்தினான். "இது அவ கை! கடல்ல ஆடிச்சே, அதுதான் என் கை. அவ ஊருலயே இல்ல. நான்தான் பொய் சொன்னேன். போதுமா?"

செந்தமிழ் துணியைக் கீழே வைத்தாள். சிலம்பரசன் அவன் சட்டையைப் பிடிக்கிற மாதிரி கிட்டே வந்தான். "நடுக்கடல்ல நாங்க நாதியத்துக் கெடந்தோம்யா. உன்னால! நான் போயி அக்காவ வாய்க்கு வந்தபடி..." என்றவன் பாதியில் நின்றான். அவனுக்கு வேறு ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

"இருய்யா. அன்னிக்கு டம்ளர் நின்னுச்சே? நானே குனிஞ்சு பாத்தேனே. உன் கைன்னா எப்படி நின்னுச்சு?"

இதற்கு ஜெயப்பிரகாஷ் தயாராக இல்லை. உண்மையைச் சொன்னால் அதோடு முடிந்துவிடும் என்று நினைத்திருந்தான்.

சின்னப்பாப்பாவுக்குத்தான் பளிச்சென்று விளங்கியது. "அடப்பாவி மனுசா! நீதானா அது?" என்று இடுப்பில் கையை வைத்தாள். "ஏன் நிக்காது? அடியில அரை டப்பா கிரீஸ் இருந்துச்சே! அத அப்பி வெச்சா டம்ளர் என்ன, நானே அந்த இன்ஜின் மேல ஆடாம நிப்பேன்!"

படகுக்காரன் ஒருவன் குபீரென்று சிரித்தான். அடுத்தவனும் சிரித்தான். சிலம்பரசனுக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் மூக்கு விடைத்து, கடைசியில் அவனும் சிரித்துவிட்டான். செந்தமிழுக்கு இந்தக் கிரீஸ் சமாசாரம் இப்போதுதான் தெரியும். அவள் முதல் ராத்திரி மாதிரியே வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் வர, சின்னப்பாப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

இரும்பையிலிருந்து வந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. ஜெயப்பிரகாஷ் அதைப் பார்த்தான். நாலு பேர் முன்னால் மானத்தை விட்டு உண்மையைச் சொன்னவன் நான், அவளைச் சிரிக்க வைத்த பெயர் இந்த டீக்கடைக்காரிக்கா என்று அவனுக்குச் சுருக்கென்றது.

சிலம்பரசன் செந்தமிழிடம் போய்த் தலையைச் சொறிந்தான். "அக்கா, மன்னிச்சுக்கோக்கா. தெரியாமப் பேசிட்டேன். எப்ப கொண்டாரட்டும் மத்த இன்ஜினெல்லாம்?"

"திங்கக்கெழம கொண்டா," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. உப்பு கம்பெனியைப் பற்றி அதற்கப்புறம் அவள் பேசவில்லை.

இன்ஜினை வண்டியில் ஏற்ற எல்லாரும் சேர்ந்து பிடித்தார்கள். ஒரு பக்கம் ஆள் குறைந்தது. சிலம்பரசன் திரும்பிப் பார்த்தான்.

"என்ன மாமா, நின்னுக்கிட்டிருக்கீங்க? வந்து ஒரு கை பிடிங்க."

ஜெயப்பிரகாஷ் போய்ப் பிடித்தான்.